பிடியக்காவின் விரல்கள்

நெஞ்சைப் பிளக்காமலே குழந்தைகளின் இதயத்தைச் சரிசெய்கிற அறை ஒன்று அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது. தொடை இடுக்கில் ஊசி குத்தி, ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய கம்பியை இதயம் வரைக்கும் ஏற்றுவார்கள். பிறவியிலேயே ஓட்டை இருந்தால் அடைப்பார்கள். வால்வு ஒட்டிக்கிடந்தால் கம்பியின் நுனியில் இருக்கும் குட்டி பலூனை ஊதி அதைப் பிரிப்பார்கள். முடிந்ததும் டாக்டர்கள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரையில் படத்தை ஓட்டிப் பார்த்துச் சந்தோஷப்படப் போய்விடுவார்கள். பிடியக்காவின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

கம்பி போய்வந்த குழாயைத் தொடையிலிருந்து உருவியதும் அந்தத் துளை வழியாக ரத்தம் பீய்ச்சும். ரத்தம் தானாக உறைந்து துளையை அடைக்கும் வரைக்கும் ஒருவர் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதென்ன பெரிய வித்தை, காய் நறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டால் நாமும் அப்படித்தானே பிடிக்கிறோம் என்று தோன்றும். அப்படி நினைத்துக்கொண்டு வந்தவர்கள் நிறையப் பேர், வந்த வேகத்திலேயே வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டுப் போனார்கள். லேசாகப் பிடித்தால் ரத்தம் தோலுக்கடியில் கசிந்து பந்தாகத் திரண்டுவிடும். இறுக்கிப் பிடித்தாலோ ரத்தக்குழாயே நசுங்கி, உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டு, காலுக்குப் போகிற ஓட்டம் நின்றுவிடும். வளர்ந்த பிள்ளைகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தாங்குவார்கள். கைக்குழந்தையின் ரத்தக்குழாய் பேனா ரீஃபிலைவிட மெல்லியது. ரத்தம் வெளியே வரவும் கூடாது, விரலுக்கடியில் துடிப்பு அடங்கவும் கூடாது. இதை எந்தப் புத்தகமும் சொல்லிக்கொடுக்காது, விரல்தான் சொல்ல வேண்டும். பிடியக்காவின் விரல் இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

வேலையில் சேர்ந்தபோதும் அவள் நர்ஸ்தான், இப்போதும் நர்ஸ்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். ஆள் குள்ளம். எக்ஸ்ரேக்குத் தடுப்பாக எல்லோரும் போட்டுக்கொள்ளும் ஈய அங்கி அவளுக்குக் கணுக்கால் வரை தொங்கும். மேஜை எட்டாது என்பதால் அவளுக்கென்று ஒரு மரப்படி உண்டு. அதன்மேல் ஏறி நின்று, குழந்தையின் தொடையில் விரலை வைத்தாளென்றால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மயக்கத்தில் கிடக்கும் குழந்தையிடம் ஊர்வம்பு முழுவதையும் கொட்டித் தீர்ப்பாள். மாடிவீட்டுக்காரி வாஷிங் மெஷின் வாங்கி அதன்மேல் துணி மடித்து வைக்கிறாளே தவிர உள்ளே போடுவதில்லை என்பது, நாத்தனார் கடன் கேட்காமலே வந்து போனதால் வீட்டில் எல்லோருக்கும் வந்த சந்தேகம், எல்லாம். கடிகாரம் பார்க்க மாட்டாள். கதை முடியும்போது ரத்தம் நின்றிருக்கும். பெரிய டாக்டர் மட்டும் அவளை அக்கா என்று கூப்பிடாமல் சிஸ்டர் என்பார். அவருக்கு அவளிடம் கொஞ்சம் பயம் கலந்த மரியாதை.

அவளுக்கும் ஒரு பயம் இருந்தது. சேர்ந்த புதிதில், பிடிக்க வேண்டிய ஆள் அவசரமாகக் கட்டுப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். குழந்தை அசையாமல் தூங்குகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் போர்வையை விலக்கினாள். மெத்தை முழுவதும் ரத்தம். குழந்தை பிழைத்தது, ஆனால் அந்தப் போர்வையைத் தூக்கிய கை அவளுடையது. அன்றிலிருந்து ரத்தம் கசிவதென்றால்தான் அவளுக்குப் பயம். நசுங்குவதைப் பற்றி அவள் அவ்வளவாகப் பயந்ததில்லை. பயப்பட வேண்டிய தேவையை விரல் வைக்கவில்லை.

பேர் வாங்கினாள். சரி, வாங்கின பேர் மனிதரைச் சும்மா விடுமா? குழந்தையின் கால்விரலில் மாட்டும் கிளிப் ஒன்று உண்டு, ரத்த ஓட்டத்தை எண்ணாகத் திரையில் காட்டும். ஒருமுறை கிளிப் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றது, பிடியக்கா இல்லை என்றாள். ஸ்கேன் செய்தால் அவள் சொன்னதுதான் சரி. இன்னொருமுறை கிளிப் கையை விரித்தது, ஓட்டம் இருக்கிறது என்று அவள் சாதித்தாள். அதுவும் சரி. பிறகு அந்த அறையில் கிளிப்புக்கு மதிப்பே போய்விட்டது. "அக்கா இருக்குன்னு சொல்லிட்டாங்களா, அப்ப இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். புதிதாக வந்த நர்ஸ்கள் பிடித்துப் பழகக் கேட்டால், சரி என்று இடம் கொடுப்பாள். அரை நிமிஷம்கூடத் தாங்காது. "தள்ளு, தள்ளு, மாவா பிசையற?" என்று தன் கையை நுழைத்துவிடுவாள். அவளுக்குப் பிறகு யார் என்ற கேள்வியை அவளிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. அவளுக்கே இல்லை என்பதுதான் விஷயம்.

கணவன் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். "உனக்கும் எனக்கும் ஒரே தொழில்தான். ஓட்டை விழுந்தா அமுக்கிப் பிடிக்கிறது. என்ன, என்னோட டியூப் அழாது" என்று கல்யாணமான புதிதில் ஆரம்பித்த கிண்டலை இன்னும் விடவில்லை. அவள் விரலில் ஏதோ கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான். ஒருநாள் காலையில் அவள் அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் இறக்கி, ஆற அமர மேடையில் வைத்தாள்.

"ஏம்மா, சுடலையா உனக்கு?"

"சுடுது. அதுக்கு என்ன இப்போ?"

சாயங்காலம் விரல்களில் கொப்புளம் கிளம்பியிருந்தது. அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மூன்றும் மழைக்காலத்திலிருந்தே மரத்துக்கொண்டு வந்தன என்பதை அப்போதுதான் சொன்னாள். இத்தனை வருஷம் மணிக்கட்டை மடக்கி அழுத்தியதில் உள்ளே நரம்பு நசுங்கியிருக்கிறது. பஞ்சு உறை போட்டுக்கொண்டு தொடுகிற மாதிரி இருக்கிறது. சின்ன ஆபரேஷன்தான், பிறகு கொஞ்ச நாள் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல.

"டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றான்.

"சொன்னா? ஸ்டோர்ல போய் உக்காந்து பஞ்சு எண்ணுன்னுவாங்க. குழந்தைங்கள யாரு பிடிக்கிறது?"

"உனக்கு முன்னாடி யாரோ பிடிச்சாங்கல்ல?"

"பிடிச்சாங்க. அந்த லட்சணத்தத்தான் நான் பார்த்தேனே."

"உன் விரலுக்குத் தெரியலைன்னா நீயும் அதே லட்சணம்தானே?"

"மோதிரவிரல்ல இன்னும் பாதி உயிர் இருக்கு. அதுல பார்த்துக்கறேன்" என்றாள். அவன் அதோடு விட்டுவிட்டான். பேசினால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும் அவளுக்கு, இரண்டு நாளைக்கு வீட்டில் பாத்திரம் மட்டும்தான் பேசும்.

அந்தச் சமயத்தில்தான் கொட்டாவி வந்தாள். நாலு மாசம்கூட நிறையாத பெண்குழந்தை. ஊசி போட்டால் ஒரு வீறல், உடனே ஒரு நீளமான கொட்டாவி. ஸ்கேன் எடுத்தால் கொட்டாவி, டாக்டர் குனிந்தால் அவர் முகத்துக்கு நேரே கொட்டாவி. வார்டே அவளை அப்படித்தான் கூப்பிட்டது, தாயும் சிரித்துக்கொண்டே அதற்குப் பழகிவிட்டாள். தாய் சோப்புத் தொழிற்சாலையில் பெட்டியில் அடுக்குகிற வேலை பார்க்கிறவள், சின்ன வயசு. அவள் புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன், வழியில் எங்கோ இருந்தான். பால் குடிக்கும்போது குழந்தைக்கு நெற்றியெல்லாம் வேர்க்கிறது, பாதியிலேயே மூச்சு வாங்கிக் களைத்துப்போகிறது என்று தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகிற வாசலில் இருக்கிற வால்வு பிறவியிலேயே தடித்து, ஒட்டிப்போய், ஊசிமுனை அளவுக்குத்தான் வழி விட்டிருந்தது. இப்படியே விட்டால் இதயம் தள்ளித் தள்ளி ஓய்ந்துவிடும்.

"அக்கா, நெஞ்சக் கிழிக்க மாட்டாங்கல்ல?" என்று தாய் கேட்டாள்.

"மாட்டாங்கம்மா. தொடையில எறும்பு கடிச்ச மாதிரி ஒரு புள்ளி இருக்கும். அதுவும் மறைஞ்சிடும்."

"நீங்க உள்ள இருப்பீங்களா?"

"நான் இல்லாம உள்ள என்ன நடக்கும்? நீ போய் எதாவது சாப்பிடு. பால் குடுக்கற உடம்பு" என்றாள் பிடியக்கா. தாயின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

காலையில் முதல் கேஸே கொட்டாவிதான். இடது தொடையில் வழி கிடைத்தது. கம்பி ஏறியது, பலூன் வால்வுக்கு நடுவில் போய் நின்றது, டாக்டர் ஊதினார். அந்த நொடியில் குழந்தையின் ரத்த அழுத்தக் கோடு தரையோடு படுத்தது, அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பலூன் சுருங்கியதும் கோடு எழுந்தது, முன்னைவிட நன்றாக எழுந்தது. "அழகா திறந்துடுச்சு" என்றார் பெரிய டாக்டர். அவருக்கு அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இல்லை. எல்லோரும் படத்தைப் பார்க்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார்கள். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். குழந்தையின் இதயத்தைப் பொறுத்தவரை அன்றைக்கு நல்ல நாள்தான்.

பிடியக்கா படியில் ஏறி, குழாயை உருவி, விரலை வைத்தாள். விரலுக்கடியில் ஒன்றுமில்லை. தலையணையை அழுத்துகிற மாதிரி இருந்தது. மோதிரவிரலை நகர்த்தி வைத்துப் பார்த்தாள், அதுவும் அன்றைக்கு ஒத்துழைக்கவில்லை. ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. ஒரே ஒரு சொட்டு. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். சொட்டு நின்றது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாததால், நின்ற பிறகும் அந்த இன்னும் கொஞ்சத்தைக் குறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. வாய் மாடிவீட்டு வாஷிங் மெஷினைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்தது. கதை முடிந்தது, இன்னொரு கதையும் சொன்னாள். கையை எடுத்தபோது ஒரு பொட்டு ரத்தம் இல்லை, வீக்கமில்லை. பார்க்கிறவர்களுக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது.

பிறகு பாதத்தில் நாடி பார்க்க வேண்டும். பாதத்தின் மேல் விரலை வைத்தாள். இல்லை. கொஞ்சம் தள்ளி வைத்தாள். இல்லை. கணுக்காலுக்குப் பின்னால் வைத்து, ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தொலைவில் யாரோ கதவு தட்டுகிற மாதிரி லேசாக ஒரு துடிப்பு வந்தது. மறுபடி வந்தது. அப்பாடா என்றிருந்தது.

"இருக்கு" என்றாள்.

கூட இருந்த இளம் நர்ஸ், "அக்கா, கால்ல கிளிப் ஒண்ணும் காட்டலையே" என்றாள்.

"கால் சில்லுனு இருக்கு, அதான். உன் கிளிப்புக்கு என்ன தெரியும்? கையில மாட்டு."

கையில் மாட்டினாள். திரையில் நல்ல எண் வந்தது. வராமல் என்ன, கைக்கு என்ன கேடு? ஆனால் அந்த அறையில் அதைக் கேட்க யாரும் இல்லை.

வார்டில் இடது பாதம் குளிர்ந்திருக்கிறது என்று கவனித்தார்கள். கைக்குழந்தைகளுக்குக் கொஞ்ச நேரம் அப்படி இருப்பது உண்டு. பிடியக்கா பார்த்துவிட்டாள், ஓட்டம் இருக்கிறது என்று கூட வந்த தகவலும் இருந்தது. அதனால் பாதத்தைப் பஞ்சில் சுற்றி வெதுவெதுப்பாக வைத்தார்கள். அவள் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வராமல் இருந்திருந்தால் மத்தியானத்துக்குள் ஸ்கேன் எடுத்திருப்பார்கள். குழந்தை பால் குடித்தது, வேர்க்கவில்லை, களைக்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கிய குழந்தையைத் தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஞ்சை யாரும் பிரிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் கொட்டாவியை எட்டிப் பார்க்கப் போன இளம் நர்ஸ்தான் பிரித்தாள். பாதம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. பிடியக்காவுக்கு ஆள் போனது. அவள் கைப்பையைத் தோளில் மாட்டியபடியே ஓடி வந்தாள். பாதத்தைத் தொட்டதும், மரத்த விரலுக்குக்கூட அந்தக் குளிர் தெரிந்தது. கணுக்காலுக்குப் பின்னால் விரலை ஊன்றினாள். துடிப்பு இருந்தது. காலையில் வந்த அதே துடிப்பு.

"இருக்கே" என்று சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கினாள். எதிரே மானிட்டர். கைக்குழந்தையின் இதயம் ஓடுகிற ஓட்டத்தில் பச்சைக் கோடு தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. விரலுக்கடியில் இருந்த துடிப்போ நிதானமாக வந்தது. அங்கே இரண்டு துள்ளல் போவதற்குள் இங்கே ஒன்றுதான். இன்னும் ஊன்றினாள், இன்னும் தெளிவாகத் துடித்தது. விரலை எடுத்துத் தன் கட்டைவிரலோடு சேர்த்து அழுத்தினாள். அதே துடிப்பு அங்கேயும் இருந்தது. நாடி பார்க்கப் பழகுகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள், ரொம்ப ஊன்றினால் உன் நாடிதான் உனக்குக் கேட்கும் என்று. அவளே எத்தனை பேருக்குச் சொல்லித் திட்டியிருக்கிறாள். காலையில் அவள் மானிட்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், அந்த அறையில் அவள்தானே மானிட்டர்.

அதோடு இன்னொன்றும் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்தது. மழைக்காலத்திலிருந்து எத்தனை குழந்தைகளுக்கு 'இருக்கு' என்று சொன்னாள்? அதில் எத்தனை நாடி குழந்தையுடையது, எத்தனை அவளுடையது? அந்தக் குழந்தைகளெல்லாம் நன்றாக வீட்டுக்குப் போனார்கள். அவள் விரலால் அல்ல, அவள் விரலை மீறித்தான் போனார்கள் என்று இப்போதுதான் விளங்கியது.

ஓடினார்கள். ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கிற பேனா மாதிரியான கருவியை வலது பாதத்தில் வைத்தால் சளக் சளக் என்று கேட்டது. இடது பாதத்தில் வெறும் இரைச்சல். ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை ஏற்றினார்கள். தொடையைத் திறந்து கட்டியை எடுக்கவும் பார்த்தார்கள். தொடையில் ஓட்டம் திரும்பியது, முழங்கால் வரை வந்தது, கணுக்கால் வரைகூட வந்தது. ஆனால் கால்விரல்களுக்கு நேரம் கடந்துவிட்டிருந்தது. அடுத்து வந்த நாட்களில் அவை முதலில் நீலமாகி, பிறகு கறுத்தன. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு கோடு தானாக விழுந்தது. கடைசியில் அந்தக் கோட்டில்தான் வெட்டினார்கள். இடது பாதத்தில் பாதி போயிற்று. இதயம் ஒரு குறையும் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

பிடியக்கா பெரிய டாக்டரின் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், அன்னைக்குக் காலையில நான் சொன்னது தப்பு. அது என் நாடி."

அவர் கண்ணை மூடச் சொல்லி, அவள் விரல்களில் குண்டூசியால் ஒவ்வொன்றாகக் குத்தினார். எந்த விரல் என்று சொல்லச் சொன்னார். அவள் இன்னும் குத்தவே இல்லை என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தாள். கண்ணைத் திறந்தபோது ஆள்காட்டி விரலில் ரத்தம் துளிர்த்திருந்தது.

"எவ்வளவு நாளா?"

"மழைக்காலத்துலேர்ந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சிஸ்டர்."

"சொல்லியிருக்கலாம் சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "இனிமே உள்ள வர வேண்டாம். உங்க கைக்கு ஆக வேண்டியதப் பார்ப்போம். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். பேசவும் செய்தார். கைக்குழந்தைகளின் ரத்தக்குழாய் ரொம்பச் சின்னது, யார் பிடித்தாலும் சில பேருக்கு இப்படி அடைத்துக்கொள்வது உண்டு, முன்னாடியே சொல்லியிருந்தோம், இதயம் தப்பித்தது பெரிய விஷயம். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. தாய் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். லாரிக்காரனும் வந்து சேர்ந்திருந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவன், "நடக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டான். முடியும், விசேஷமாக ஷூ செய்து போட வேண்டியிருக்கும் என்றார்கள்.

வீட்டில் கணவன் எல்லாவற்றையும் கேட்டான். முன்னால் சொல்லிவிடு சொல்லிவிடு என்றவன், இப்போது வேறு பேச்சுப் பேசினான்.

"டாக்டரே பேசிட்டாரு. நீ போய் எதையும் கிளறாத."

"அந்தக் குழந்தையோட அம்மாவுக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சா கால் முளைக்குமா? நீ சொல்றது உன் பாரத்த இறக்கத்தான். அத அந்தப் பொண்ணு தலையில ஏன் இறக்கற?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவளுக்கு எல்லோரும் நியாயம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவளை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். பஞ்சுக் கட்டுகளுக்கும் கையுறைப் பெட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வார்டுப் பக்கம் போகாமல் சுற்றுவழியாக வந்து போனாள். ஆனால் வார்டு அவளைத் தேடி வந்தது. இளம் நர்ஸ் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கொட்டாவியோட அம்மா உங்கள கூப்பிடறாங்க. கட்டுப் பிரிக்கும்போது பிடிச்சுக்கணுமாம். உங்க கை பட்டா அவ அழ மாட்டாளாம்."

"நீ பிடிச்சுக்கோயேன்."

"நீங்கதான் வேணுமாம்."

போனாள். போகாமல் என்ன செய்வாள்? கட்டுப் பிரித்து, மருந்து வைத்து, புதுக்கட்டுப் போடுகிற வரை குழந்தையின் தோளையும் முழங்காலையும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். குழந்தை வீறிட்டு அழுதது, பிறகு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தேம்பித் தேம்பி அடங்கியது. இளம் நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கட்டிலருகே அவர்கள் இரண்டு பேரும் குழந்தையும்தான் இருந்தார்கள். பிடியக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்ன சிஸ்டர் சொன்னாங்க. அன்னைக்கு நீங்க பிடிச்சதால இதோட போச்சாம். வேற யாராவது பிடிச்சிருந்தா முழுக்காலும் போயிருக்குமாம்." அவள் பிடியக்காவின் விரல்களைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தாள். "நான் என்ன செய்யப்போறேன் உங்களுக்கு?"

அக்காமேல் உள்ள பாசத்தில், தாய்க்கு ஒரு ஆறுதலாகட்டும் என்று இளம் நர்ஸ் சொன்ன பேச்சு அது. டாக்டரின் வார்த்தைக்குள் பிடியக்கா ஒளிந்துகொண்டிருக்க முடியும். அது பாதி உண்மை, அதில் ஒண்டிக்கொள்ள இடம் இருந்தது. இந்தப் பேச்சில் இடமே இல்லை. அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாயின் கை சூடாக இருந்திருக்கும். அவள் விரலுக்கு அதுகூடத் தெரியவில்லை.

"இல்லம்மா" என்றாள். "நான் பிடிச்சதாலதான் போச்சு."

தாய் புரியாமல் பார்த்தாள்.

"என் விரல் செத்துப்போய் ரொம்ப நாளாச்சும்மா. யாருக்கும் சொல்லல. எவ்வளவு அமுக்கறேன்னு எனக்கே தெரியல. ரத்தம் வந்துடக் கூடாதுன்னு அமுக்கிட்டே இருந்தேன். அப்புறம் கால்ல நாடி பார்த்தேன். ஒண்ணு துடிச்சுது. அது இவளோடது இல்ல, என்னோடது. அதத்தான் இருக்குன்னு சொல்லிட்டேன். நான் சொன்னதால யாரும் வேற பார்க்கல."

தாய் கையை விடவில்லை. விட மறந்துவிட்டாள் என்றுதான் தோன்றியது.

"டாக்டர் அப்படிச் சொல்லலையே."

"அவர் சொன்னது எல்லாருக்கும் சொல்றது. நான் சொல்றது இவளுக்கு நடந்தது."

குழந்தை அழுத களைப்பில் கண்ணைச் சொருகிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் யாரோ கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். தாய் தணிந்த குரலில் கேட்டாள்.

"காலையிலயே தெரிஞ்சிருந்தா?"

இந்த ஒரு கேள்விக்காவது பொய் சொல்லிவிடலாமா என்று பிடியக்காவுக்குத் தோன்றியது. தெரிந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று சொல்லலாம். டாக்டர் மறுக்க மாட்டார்.

"காலையிலயே தெரிஞ்சிருந்தா மருந்து போட்டிருப்போம்மா. முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டம் திரும்பிடும்."

தாய் அவள் கையை விட்டாள். உதறவில்லை, தள்ளவில்லை, கட்டிலின் ஓரத்தில் ஒரு பொருளை வைப்பதுபோல மெதுவாக வைத்தாள். அவள் சத்தம் போடுவாள், அடிப்பாள், புருஷனைக் கூப்பிடுவாள் என்று பிடியக்கா காத்திருந்தாள். அவள் குழந்தையின் பக்கம் திரும்பி, துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த, முழுசாக மிச்சமிருந்த வலது பாதத்தை உள்ளே எடுத்து மூடி, அதன்மேல் தன் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.